பட்டை மாற்றி ஒட்டியவன்

ஒரு மதியம் என் மனைவி கோமளா அயர்ந்து தூங்கியபோது, அவள் கையில் ஒட்டியிருந்த, ரத்தச் சர்க்கரை அளக்கும் பட்டையையும் என்னுடையதையும் மாற்றி ஒட்டியது நான்தான். பட்டைகள் வந்த முதல் நாளே என்னுடையது சர்க்கரை ஏறியிருப்பதாகக் காட்டியதுதான் காரணம்; அவள் அதைப் பார்க்கவில்லை.

எங்கள் சமையல் பெட்டி, அவரவர் பெயரில் பதிந்த பட்டை சொல்வதைக் கேட்டுத்தான் தட்டில் பரிமாறும். அன்று முதல் எனக்குப் பொன்னி அரிசிச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். கோமளாவுக்குச் சாமையும் பாகற்காயும். இயந்திரத்தையே ஏமாற்றிய குமாஸ்தா என்ற கர்வம் வேறு எனக்கு.

அவளோ தனக்குத்தான் சர்க்கரை வரப்போகிறது என்று நம்பிவிட்டாள். மூச்சு வாங்க மொட்டை மாடியில் நடந்தாள். மூன்றாவது வாரம் போனில், "பொண்ணு கல்யாணத்தைப் பார்ப்பேனாக்கா?" என்று தன் அக்காவிடம் அழுதாள். வறுவல் தட்டைத் தள்ளி வைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் பட்டைகளைத் திரும்ப மாற்றினாள். சாமை என் தட்டுக்கு வந்தது.

"கோபமா கோமு?" என்று இரண்டு நாள் கேட்டேன். "சாப்பிடுங்க" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். மூன்றாம் நாளும் கேட்டேன்.

"கோபமெல்லாம் அப்பவே போயிருச்சுங்க. எனக்குன்னு நெனச்சப்போ இருந்த பயத்தவிட, உங்களுக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் ரொம்பப் பயமா இருக்கு. போதுமா?"