இமயமலை வாத்தும் இராமலிங்கம் மீசையும்

“இமயமலையைத் தாண்டி வந்த வாத்தா? நடந்து வந்துதா, பஸ் புடிச்சு வந்துதா?”

கோதண்டராமன் கேட்டதும் ஏரிக்கரையே சிரித்தது.

தொண்ணூற்றாறு மார்கழி. வேங்கிக்கால் ஏரிமேல் பனி இன்னும் விலகவில்லை. மஃப்ளரும் குரங்குக் குல்லாயுமாக ஏழெட்டுப் பேர், தினமும் காலையில் அங்கே நடக்கிறவர்கள்.

“பறந்துதான்யா வந்துது. வெள்ளைத் தலையில ரெண்டு கறுப்புக் கோடு. பதினெட்டு உருப்படி. நேத்து சாயங்காலம் அந்தக் கோரைக்குப் பின்னாடி, இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். பக்ருதீன் பாயும் கூட இருந்து படம் புடிச்சாரு” என்றார் இராமலிங்கம்.

“போன வருஷம் ஒரு கொக்கு உங்க மூக்குக்கண்ணாடியைத் தூக்கிட்டுப் போயி, மாட்டிக்கிட்டு மீன் புடிச்சுதே, அதையும் இந்த ரெண்டு கண்ணாலதானே பார்த்தீங்க? கண்ணாடி இல்லாம?”

மறுபடியும் சிரிப்பு. இராமலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. சம்சாரம் முப்பது வருஷமாகக் கெஞ்சியும் எடுக்காத மீசையை முறுக்கினார்.

“வாங்கய்யா, காட்டறேன். வாத்து இல்லேன்னா இன்னிக்கே இந்த மீசையை எடுத்துடறேன். போதுமா?”

“போதும், போதும். நடங்க!”

கூட்டம் கிளம்பியது. கடைசியில், நீள லென்ஸ் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டுடியோ பக்ருதீன் வந்தார். கல்யாணப் படம் எடுப்பவர். மார்கழியில்தான் முகூர்த்தம் கிடையாதே, அந்த ஒரு மாசம் அவர் கேமரா பறவைகளுக்கு.

கரையோரமாகப் போன சைக்கிள்காரன் ஒருவனும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே சேர்ந்துகொண்டான். கேரியரில் ஒரு கிழிந்த சாக்கு.

“இன்னா பெரியவரே, பெரிய வாத்துங்களா? ராத்திரிக்கு எங்க தங்குதுங்க?”

“சொல்றேன் வா” என்று திரும்பிய இராமலிங்கம், அவனையும் சைக்கிளையும் ஒருமுறை பார்த்தார். நாலடி நடந்தார். கோரைக்கு நூறு கெஜம் இருக்கும்போதே நின்றுவிட்டார்.

“ஏன் நின்னுட்டீங்க? வாத்து இன்னிக்கு லீவா?” என்றார் கோதண்டராமன்.

“வாத்தும் இல்ல, ஒண்ணும் இல்லய்யா. சும்மா அடிச்சுவிட்டேன்.”

“பக்ருதீன் பாயும் கூட இருந்து படம் புடிச்சாருன்னீங்களே?”

பக்ருதீன் வாயைத் திறப்பதற்குள் இராமலிங்கம் முந்திக்கொண்டார்.

“பாய் நேத்து இந்தப் பக்கமே வரல. அவர் பேரையும் சேர்த்துப் புளுகிட்டேன்.”

“சே! வேலையத்த கிழவன்” என்று சைக்கிள்காரன் ஏறி மிதித்தான்.

மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஊர்வலம் மாதிரி இராமலிங்கத்தை ரோட்டோர சலூனுக்குக் கூட்டிப்போனார்கள். கத்தி ரெண்டு இழுப்பு இழுத்தது. மேலுதட்டில் எழுபது வயசு திடீரென்று தெரிந்தது.

“இப்பத்தான் மூஞ்சி கொஞ்சம் உண்மை பேசுது!” என்றார் கோதண்டராமன். கூட்டம் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குக் கலைந்தது.

பக்ருதீன் மட்டும் நகரவில்லை. கோபமாகக் கேட்டார்.

“இன்னாண்ணே இது? பிலிம் ரோலைக் கழுவினா பதினெட்டு வாத்தும் வரிசையா நிக்கும். நெஜத்தைச் சொன்ன அன்னிக்குப் போயி மீசையைக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க!”

இராமலிங்கம் வெறும் உதட்டைத் தடவிக்கொண்டார்.

“அந்த சைக்கிள்காரன் எந்தப் பக்கம் போனான் பாய்?”

“அவனா? நீங்க கத்திக்கு உக்காந்திருந்தப்ப, எதிர் டீக்கடையில நின்னு உங்க கதையைச் சொல்லிச் சிரிச்சுட்டு, வேலூர் ரோட்டுல நேரா போயிட்டான்.”

“ஏரிப் பக்கம் திரும்பலியே?”

“இல்லண்ணே.”

இராமலிங்கம் நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார்.

“அப்பாடா! படத்தைப் பங்குனியில காட்டு பாய், அதுங்க பத்திரமா மலை தாண்டிப் போனப்புறம். மீசை அதுக்குள்ள முளைச்சுடும்.”

“அது எதுக்கு அவ்வளவு நாள்?”

“அந்த சாக்கு ஓட்டை வழியா நீ பார்க்கலியா? உள்ள இருந்தது வலை பாய்.”