ஒரே மாதிரி ஆறு சுவிட்சுகள்

மந்தைவெளி வீட்டுக் கார் ஷெட்டில், மூன்று வருடமாகத் தானே கட்டிவரும் சின்ன விமானத்தின் மூக்குக்கு எதிரே செபஸ்தியான் நிலைகொள்ளாமல் நிற்கிறார். உள்ளே, விமானியின் இருக்கையில் அவர் மகள் ஜான்சி. அடுத்த மாதம் இதை முதன்முதலாக மேலே கொண்டுபோகப் போகிறவள் அவள்தான். அவள் முன்னிருக்கும் பலகையில் ஆறு சுவிட்சுகள், ஆறும் ஒரே அச்சு, வெயில் பட்டு வரிசையாக மின்னுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்து மேம்பாலத்தில் பறக்கும் ரயில் கடந்துபோகிறது. தகரக் கூரை அதிர்ந்து ஓய்கிறது. "கண்ண மூடிக்கோ. இன்ஜினுக்குப் பெட்ரோல் வரல. பம்ப போடு!" அவள் விரல்கள் தடவுகின்றன, தயங்குகின்றன, ஒன்றைத் தட்டுகின்றன. மூக்கு விளக்கு எரிந்து அவர் சட்டையில் வெளிச்சம் அடிக்கிறது.

"இன்னா நைனா, ஒரு தபா தப்பாயிடுச்சு. பழகிடும்," என்று சிரிக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பக்கம் வந்து பலகையிலிருந்து பம்பு சுவிட்சைக் கழற்றி வீசிவிட்டு, மேசையில் குவிந்து கிடப்பவற்றைக் கிளறுகிறார். கட்டைவிரல் பருமனில் சிவப்புக் குமிழ் வைத்த ஒன்று அகப்படுகிறது. அசிங்கமான சுவிட்ச். அதைப் பொருத்துகையில் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை வழுக்குகிறது. "இப்ப போடு." மூடிய கண்ணோடு அவள் கை நேராகப் போய்க் குமிழைப் பிடிக்கிறது, பம்பு கிர்ரென்று ஓடுகிறது.

"போதுமா நைனா?"

அவர் உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.

"கண்ண தொறக்காத. இன்னொரு தபா."