கடலை ஓட்டுக் கரி

ஆறு மணிக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். ஒரு டம்ளர் தேநீர் போட்டு நின்றபடியே குடிக்கிறேன். எட்டரைக்கு ஆய்வகத்தில் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, அதன் சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் தோள்வரை கைகளை நுழைக்கிறேன். உள்ளே வெள்ளை வெளிச்சம். இடது கை விரல்களில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. என் மனைவி கடைசியாகச் செய்தது. ஒரு மாலை முழுக்க நாங்கள் தின்று போட்ட கடலையின் ஓடுகளைக் கரியாக்கி, அரைத்து, தகட்டில் பூசி, உள்ளே வைத்து மூடினாள். அவள் சாலை விபத்தில் போய் எட்டு மாதம் ஆகிறது. முந்தாநாள் நான் கழற்றும்வரை இது சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் செய்தவை நூறு நாளில் படுத்துவிட்டன. இது மட்டும் ஏன் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பிரித்தால் மறுபடி ஓடாது. வலது கையில் வெட்டும் குறடு. பம்ப் உறுமுகிறது. கையுறைக்குள் வியர்வை கசகசக்கிறது. மூக்கு அரிக்கிறது. “சொறிஞ்சு விடட்டுமா? ஸ்கேல் இருக்கு,” என்கிறார் பக்கத்து மேசை அக்கா. நான் சிரிக்கவில்லை. “ரெண்டு நாளா இதே கதைதான் தம்பி. வெட்டுங்க, இல்லேன்னா கையை வெளிய எடுங்க.” இரண்டும் முடியவில்லை. குறட்டின் வாய் விளிம்பைக் கவ்வியபடி நிற்கிறது. அன்று இதைச் சோதனையில் மாட்டிவிட்டு, எனக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பியவள் கதவருகே திரும்பிச் சொன்னாள்: “நீ இதைத் தொடாத. பிரிக்கணும்னா நானே பிரிச்சுக்கறேன். உனக்குப் பொறுமை பத்தாது.”