அர்த்தனாரி வாங்கிய சிட் பேட்

“சிட் பேட் இல்லாதவங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறதில்லைங்க சார்.”

நௌஷீன் இப்படிச் சொன்னதும் அர்த்தனாரிக்குச் சுருக்கென்றது.

“உக்கார்றதுக்கு மலையில பாறை இல்லையா கண்ணு?”

“இருக்குதுங்க. மழை பேஞ்சு ஈரமா இருக்குது. ஒண்ணு வாங்கிக்கங்க.”

கொல்லிமலை அடிவாரத்தில் நசீர் அகமது வைத்திருப்பது மெத்தைக் கடை. அதில் பாதியைப் பிடித்துக்கொண்டு அவர் மகள் நௌஷீன் மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை மலைக்கு நடத்திக் கூட்டிப் போகிறாள். அதற்கு ஒரு கண்டிஷன். அந்தக் கண்டிஷனும் அவள் கடையிலேயே விற்பனைக்கு இருந்தது.

அர்த்தனாரி மலைப் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரானவர். “இந்த மலையை என்னை மாதிரி ஏறி எறங்குனவன் எவனும் இல்லை” என்பார். உண்மைதான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

“சரி, எடு பாக்கலாம்.”

கீழே போட்டு உட்காரும் சின்ன மெத்தை மாதிரி மூன்றை எடுத்துப் போட்டாள் நௌஷீன்.

முதலாவது ஸ்பாஞ்ச். மெத்தென்று இருந்தது. “ஆனா ஈரத்தை உறிஞ்சிக்கும்ங்க” என்றாள்.

இரண்டாவது மஞ்சள் ஃபோம். கையில் இருப்பதே தெரியவில்லை. தண்ணீர் ஏறாது, மடக்கிப் பைக்குள் செருகிவிடலாம்.

மூன்றாவதில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள்.

“இது ரீசைக்கிள்ங்க. செருப்புக் கம்பெனியில வெட்டி எறிஞ்ச துண்டுகளை அரைச்சு, அழுத்திச் செஞ்சது.”

“செருப்பு மேல உக்காரச் சொல்றியா?”

“அது இன்னும் செருப்பே ஆகலீங்க சார்.”

மூன்றையும் தரையில் போட்டு, ஒன்று மாற்றி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். மெத்தை வாங்க வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

“புள்ளி போட்டது நாள் தாங்கும்ங்க. குப்பைக்குப் போற பொருளும் கொறையுது. ஆனா கொஞ்சம் கனம். உங்களுக்கு மஞ்சளே போதும்ங்க.”

“ஏன், எனக்கு என்ன கொறச்சல்? கனத்துக்குப் பயந்தவனா நான்? புள்ளி போட்டதையே குடு.”

இப்படியாக அர்த்தனாரி இயற்கையைக் காப்பாற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கோகிலவாணியிடம் பொரிந்து தள்ளினார். “மலையேத்தற சாக்குல கடைச் சரக்கைத் தள்ளறா அந்தப் புள்ள.”

“வாங்கியாச்சுல்ல? உக்காந்து உக்காந்து தேய்ச்சிருங்க. காசு வீணாகக் கூடாது” என்றாள் கோகிலவாணி.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் கிளம்பினார்கள். நௌஷீன், அர்த்தனாரி, நௌஷீனின் தம்பி முபஷிர், வழிகாட்டக் கலைமணி. முபஷிர் காலேஜ் டீமில் ஃபுட்பால் ஆடுகிறவன். கலைமணி மலைமேல் உள்ள குண்டூர் நாட்டுக்காரர், அதே பாதையில் மிளகு மூட்டை சுமந்து இறங்குகிறவர்.

கொஞ்ச தூரம்தான் ஏறியிருப்பார்கள். முபஷிர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“அக்கா, கால் பிடிச்சுக்கிச்சு.”

“எல்லாரும் பேடை விரிங்க” என்றாள் நௌஷீன்.

முதலில் விரித்தது அர்த்தனாரிதான். காசு கொடுத்து வாங்கியது.

“ஏண்டா, இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ எப்படிடா கோல் போடறே?”

முபஷிர் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த வளைவில் நௌஷீனுக்குத் தலை சுற்றியது. அதற்கடுத்து மறுபடி முபஷிரின் கால். இந்த முறை மற்றொரு கால். பாதை செங்குத்தாகத் திரும்பிய இடத்தில் கலைமணியே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்ணா, இடுப்பு விட்டுப் போச்சுங்க. சித்த உக்காரலாமுங்களா?”

“நீயுமா? மலையில பொறந்தவன்தானே நீ?”

“ஆமாங்ணா. அதாங்க வெக்கமா இருக்குது.”

அர்த்தனாரி பேடில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாப்பாட்டிலிருந்து தூக்கம் வரை என்னென்ன தப்பு செய்கிறார்கள் என்று விளக்கினார். மூச்சு வாங்கியபடியே விளக்கியதால் கொஞ்சம் நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில் வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் பையை வைத்தார் அர்த்தனாரி.

“இத்தனை தடவை உக்காந்திருக்காட்டி எப்பவோ வந்திருக்கலாம். நான் தனியா வந்திருந்தா ஒரே மூச்சுதான்!” டீ ஆற்றிக்கொண்டிருந்த சென்னம்மாளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “வழிநெடுக உக்கார வச்சாத்தானே பேட் விக்கும்? யாவாரத்துக்கு யாவாரமும் ஆச்சு.”

முபஷிருக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்தான். நௌஷீன் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஆமாங்க சார்” என்றாள். “டீ சாப்பிடுங்க.”

பிறகு, அவர் காதில் விழாத தூரத்துக்கு நடந்து போய், பலா மரத்தடியில் நின்று போன் போட்டாள்.

“கோகிலவாணிம்மா, மேல வந்துட்டோம்ங்க.”

“நெஞ்சு வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாரா கண்ணு? ஸ்டென்ட் வச்சு இன்னும் வருஷம்கூடத் திரும்பலை. டாக்டரு, ஏறலாம், ஆனா உக்காந்து உக்காந்துதான் ஏறணும்னாரு. நான் சொன்னா எங்க கேக்கறாரு? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வேற அத்தனை பிடிவாதம். கூட்டிட்டுப் போகாட்டித் தனியா ஏறிருவேன்னு நிக்கறாரு.”

“நல்லா இருக்காருங்கம்மா. எங்களைத் திட்டிக்கிட்டே டீ குடிக்கறாரு.”

“எனக்குச் சங்கடமா இருக்குது கண்ணு. உங்களையெல்லாம் இந்தப் பாடு படுத்தறாரே.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. எறங்கறப்ப எந்த வளைவுல யாருக்குக் கால் வலிக்கணும்னு இப்பவே பேசி வச்சுட்டோம்.”