பதினாலாம் ஊசி

பதினாலாம் ஊசியில் குத்தியிருந்தது ஈ. என் ஓரகத்தியின் தாளில் தேனீக்கு நேராக டிக் இருந்தது.

மேடம் அந்தத் தாளை மேசைமேல் வைத்துப் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. உங்களிடம் எதற்குப் பொய், கண்ணுகளா.

பழத்தோட்டக் கம்பெனியின் பூச்சி அறை அது. பொறிகளில் விழுந்ததையெல்லாம் தட்டில் கொட்டி இனம் பிரிப்பது எங்கள் வேலை. நான் வந்து பதினோரு வருஷம். அவள் வந்து எட்டு மாசம். நான்தான் மேடத்தின் கையைக் காலைப் பிடித்து அவளைச் சேர்த்துவிட்டேன்.

தலைமை இடம் ஒன்று காலி. ஊசியில் குத்திவைத்த இருபது பூச்சிக்கும் தாளில் பெயருக்கு நேராகப் பென்சிலால் டிக் போடவேண்டும், அதுதான் எங்கள் இருவருக்கும் பரீட்சை.

அவளுக்குக் கிடைத்தால் நான் தினமும் தட்டை நீட்டி அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தைப் போட்டுக்கொண்டே என்னை அக்கா என்பாள்.

முதுகு ஓடு நடுவில் நேர்கோடாகப் பிளந்தால் வண்டு. முதுகில் முக்கோணமும் வாயில் ஊசியும் இருந்தால் நாவாய்ப்பூச்சி. நான் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு இப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அவள் தட்டைத் தாண்டிப் போகிறபோதே சொல்லிவிடுவாள். அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். மாவில் ஏதாவது ஊர்ந்தால் மாமியார் சின்னவளைத்தான் கூப்பிடுவார். அந்த மாவைச் சலித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பதினாலு கொஞ்சம் கஷ்டம்தான். மஞ்சளும் கறுப்புமாய் வரிபோட்டு, தேனீ வேஷம் கட்டிய ஈ. தேனீக்கு இறகு நாலு. இதற்கு இரண்டே இரண்டு. பின் இறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ். மீசையும் குட்டை.

ஆனால் ஈயைத் தேனீ என்று எழுதிவிட்டால், தேனீ சாகிறதென்று தோட்டத்தில் மருந்தடிப்பையே நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு தப்புக்கு மட்டும் எங்கள் அறையில் மன்னிப்புக் கிடையாது.

"இறகை எண்ணலையாம்மா நீ?" என்றார் மேடம்.

சின்னவள் தாளைக் கையில் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"இல்ல மேடம், அவசரத்துல போட்டுட்டேன். எண்ணுறதுல எங்க அக்காவை மிஞ்ச முடியுமா?"

அறைச் சாவி என் கைக்கு வந்தது. முதலில் கைதட்டியவள் அவள்தான்.

அவள் ஈக்கு நேராகத்தான் போட்டிருந்தாள். இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போகிற வழியில், மாடிப்படித் திருப்பத்தில் நின்று, அதை ரப்பரால் அழித்துத் தேனீக்கு நேராகப் போட்டது நான்.