கைக்குப் பனியன்

உலகத்தில் வியர்க்காத கைகள் மொத்தம் இரண்டுதான். இரண்டும் அறுவை அரங்கிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கும் இந்தத் தலைமை மருத்துவருடையவை. அவரே சொல்கிறார், ஆகவே உண்மை. எதிரே அவர் மனைவியின் தம்பி, தான் வடிவமைத்த கையுறைகளோடு நிற்கிறான். ரப்பருக்கு உள்ளே ஈரம் உறிஞ்சும் மெல்லிய துணி. அத்தான் தலையசைத்தால்தான் அவன் வேலை பார்க்கும் கம்பெனி அதைத் தயாரிக்கும். அத்தானோ ஒன்றை வாங்கி விளக்கில் பிடிக்கிறார், உள்ளே ஊதுகிறார், கெட்டுப்போன மீனோ என்று முகர்கிறார். “கைக்குப் பனியனா மச்சான்? தையல் நூலைப் பிடிச்சா விரலுக்குத் தெரியணும். இதுல ஒண்ணும் தெரியாது.” “போட்டுப் பாத்துட்டுத் திட்டுங்க அத்தான்.” “எனக்கெதுக்கு? வேர்க்கிறவனுக்குக் குடு.” சொல்லிக்கொண்டே தன் பழைய கையுறையைக் கழற்றுகிறார். அதன் விரல் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுகிறது. ஊறிச் சுருங்கிய கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போகிறது. பக்கத்தில் நிற்கும் நர்ஸ் கூரையை ஆராய்கிறார். மச்சான் முகம் தொங்கிப்போய்ப் பையை மூடக் குனிகிறான். அவன் நிமிர்வதற்குள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட அத்தான், பனியன் போட்ட விரல்களால் மேஜை இழுப்பறையின் கைப்பிடியில் தையல் நூலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுகிறார். இழுத்துப் பார்க்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று போடுகிறார்.