முதலில் போனவள்

பழைய மென்பொருளில் இருக்கும் வாடிக்கையாளர்களை எல்லாம் புதியதற்கு ஒரே நாளில் மாற்றுவதா, ஒவ்வொருவராக மாற்றுவதா என்று காலையிலிருந்து வாக்குவாதம். கடைசியில் ஒவ்வொருவராக என்று முடிவாயிற்று. சோதனைக்கு முதலில் பொற்கொடியை மாற்றினோம். அப்படி ஒருத்தி கிடையாது. பழைய மென்பொருளைச் சோதித்துப் பார்க்க எங்கள் மேலாளர் ஜெபராஜ் சார் அந்தக் காலத்தில் கற்பனையாகச் சேர்த்த பெயர் அது.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“பொற்கொடி பேசறேன். வந்து சேந்துட்டேன். இங்க வேற யாருமே இல்லயே. மத்தவங்கள எப்ப அனுப்புவீங்க?”

எங்களோடு உட்கார்ந்திருந்த ஜெபராஜ் சாருக்கும் எங்களிடம் கணக்கு உண்டு; அவரும் ஒரு வாடிக்கையாளர்தான். “தனியா இருக்காப்பா, பாவம்” என்றபடி, அடுத்ததாகத் தன் பெயரைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்.

“வாங்க சார், உக்காருங்க” என்று ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

அவருடைய நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்க்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.